பக்கத்து வீட்டுப் பூனை நம் கீரைப் பாத்திக்கு வந்தால்

கேள்வி இது: "தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. பின்பக்கம் பத்துக்குப் பதினைந்து அடி மண் தரையில் கீரையும் கொத்தமல்லியும் போட்டிருக்கிறோம். மாடியில் நாற்பது தொட்டி. பக்கத்து வீட்டு அக்காவின் மூன்று பூனைகளும் தினமும் பாத்தியைத் தோண்டி அசிங்கம் செய்துவிட்டுப் போகின்றன. மிளகாய்த்தூள், பினாயில் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. சாக்கில் பிடித்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். தங்கைக்கு வளைகாப்பு முடிந்து இங்கேதான் இருக்கிறாள், அவளை நினைத்தாலும் பயம். சண்டை வராமல் என்ன செய்யலாம்?"

முதலில் அந்தப் பினாயிலை நிறுத்துங்கள். பூனைக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பாத்தியில் முளைக்கிற கீரையைச் சாப்பிடப்போவது நீங்கள்தான். பூனைக்கும் அது விஷம். பினாயில் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. காலில் பட்டதை நக்கியே உள்ளே இறக்கிக்கொள்ளும். பீரோவில் போடும் அந்துருண்டையும் இதே கதைதான், சிலர் அதைப் பொடித்துத் தொட்டிக்குள் தூவுகிறார்கள். மிளகாய்த்தூள் கண்ணிலும் பாதத்திலும் எரிச்சலைக் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த முறை தண்ணீர் ஊற்றியதும் கரைந்து போய்விடும். மறுநாள் பூனை வரும். சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலை வாசலில் கட்டித் தொங்கவிடுவதையும் நம் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த பாட்டில் மேலேயே முகத்தை உரசிவிட்டுப் போன பூனையை நான் பார்த்திருக்கிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். இருபது வருடமாக மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன், பத்து வருடமாகத் தெருப் பூனைகளைக் கருத்தடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலையும் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கத்து வசவையும் வாங்கியிருக்கிறேன் என்பதுதான் என் தகுதி.

பூனை ஏன் உங்கள் பாத்தியைத் தேடி வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்துத் தெருக்களில் மண் எங்கே இருக்கிறது? சாலை சிமென்ட், சந்து சிமென்ட், வீட்டு முற்றம் டைல்ஸ். யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் முதல் ராத்திரியே தெருப் பூனை மொத்தமும் அங்கே ஆஜர் ஆகிவிடும், கொத்தனார் காலையில் திட்டிக்கொண்டே சல்லடை பிடிப்பார். பூனை தன் மலத்தைத் தோண்டிப் புதைக்கும் பிராணி. அதற்குக் காய்ந்த, பொலபொலப்பான, கல் இல்லாத மண் வேண்டும். நீங்கள் கொத்தி, சலித்து, உரம் போட்டு, விதைப்பதற்காகப் பதமாக வைத்திருக்கும் மண் அந்தத் தெருவிலேயே உயர்ந்த கழிப்பறை. மாடித் தொட்டிகளில் தேங்காய் நார்த்தூள் கலந்திருப்பீர்களே, கோகோபீட், அது இன்னும் விசேஷம். கடையில் காசு கொடுத்து வாங்கும் பூனை மணலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்து, பலருக்குப் பிடிக்காத ஒரு கேள்வி. மீன் கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டிலிருந்து சங்கராவோ வஞ்சரமோ வாங்கி வந்து, அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாத வீடு வடசென்னையில் இருக்கிறதா? செடிக்கு நல்லதுதான், நானும் ஊற்றியவன்தான். இப்போது கூடவே மீன் அமிலம் வேறு வந்துவிட்டது: மீன் கழிவையும் வெல்லத்தையும் போட்டு ஊறவைத்துத் தண்ணீரில் கலந்து தெளிப்பது. இறால் ஓட்டைக் காயவைத்து மண்ணில் புதைப்பவர்களும் உண்டு, எலும்புத் தூள் போடுபவர்களும் உண்டு. செடிக்குப் போட்ட சாப்பாட்டைப் பூனை தனக்கு வைத்த விருந்தாக எடுத்துக்கொள்கிறது. முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோண்டும், அப்புறம் அந்த மண்ணின் பதம் பிடித்துப்போய் மற்ற காரியத்துக்கும் வரும். இரண்டு மாதத்துக்கு மீன் சம்பந்தப்பட்ட எதையும் தோட்டத்தில் சேர்க்காதீர்கள். வேப்பம் புண்ணாக்கு, மக்கிய சாணம், மண்புழு உரம் போதும்.

இன்னொரு ஆள் இருக்கிறார், குப்பைமேனி. தொட்டிகளில் கேட்காமலே முளைக்கிற அந்தக் களைக்குப் பூனைவணங்கி என்றே தமிழில் இன்னொரு பெயர் உண்டு. வேர் வெளியே தெரிந்துவிட்டால் போதும், பூனைக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். வேரை நக்கும், கடிக்கும், அதன்மேல் புரளும். களை பறிக்கிறேன் என்று பிடுங்கி அங்கேயே ஓரமாகப் போட்டுவிட்டு மறுநாள் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டால், அன்று ராத்திரி உங்கள் நாற்றெல்லாம் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். பிடுங்கிய கையோடு பையில் போட்டு மூடி அப்புறப்படுத்திவிடுங்கள்.

சரி, பாத்திக்கு வருவோம். ஏற்கெனவே கிடக்கும் மலத்தைக் கையுறை போட்டு அள்ளி, அதைச் சுற்றி மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வாசனை மிச்சம் இருக்கும் இடத்துக்குத்தான் அது திரும்பி வரும். அள்ளியதை உரக்குழியில் போடக்கூடாது, கட்டிக் குப்பையில் போடுங்கள். சிமென்ட் தரையிலோ சுவரிலோ மூத்திரம் இருந்தால் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் ஊறவைத்து என்சைம் தயாரித்து வைத்திருப்பவர் என்றால் அதைப் பயன்படுத்தலாம்.

பிறகு, தோண்ட முடியாதபடி மண்ணை மூட வேண்டும். பாதிப் பிரச்சினை இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கேட்டு வாங்கி, பாத்தியின்மேல் பரப்பி, முனைகளை மடக்கிவிட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் தூவுங்கள். கீரை அதன் கண் வழியாக முளைத்து மேலே வந்துவிடும். நகத்தில் கம்பி தட்டுப்படுவது பூனைக்குப் பிடிக்காது, இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளும். முளைக்கீரைக்கு இது சரியாக வரும், ஏனென்றால் வேரோடு பிடுங்க வேண்டுமானால் வலை தடுக்கும், அதனால் அரிந்து எடுக்கப் பழகுவீர்கள், அடி மறுபடியும் துளிர்க்கும். வலைக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றால் பழைய தென்னந்துடைப்பத்தைப் பிரித்து ஈர்க்குச்சிகளை நான்கு விரல் இடைவெளியில் நட்டு வையுங்கள். குந்தி உட்கார இடம் இல்லாவிட்டால் பூனைக்கு அந்த இடம் உதவாது.

பழைய மீன் வலையைப் பற்றி நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசிமேட்டுப் பக்கம் சொந்தக்காரர் இருக்கும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு வலையை மட்டும் போடாதீர்கள். பூனை சிக்குமோ இல்லையோ, அணிலும் ஓணானும் சிக்கிச் சாகும். ஒரு முறை என் மாடியில் தவிட்டுக்குருவி ஒன்றின் காலை அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. தடித்த கயிற்று வலை கிடைத்தால், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால், தாராளமாகப் பயன்படுத்தலாம். தரையில் தளர்வாகப் போட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து.

தொட்டிகளுக்கு இவ்வளவு வேலை இல்லை. செடியைச் சுற்றி உடைந்த ஓட்டுத் துண்டு, கொட்டாங்குச்சி, தேங்காய் மட்டையின் பெரிய துண்டுகள் என்று எதையாவது நெருக்கமாக அடுக்குங்கள். மண்ணின் ஈரமும் காயாது, சித்திரை வெயிலில் தண்ணீர்ச் செலவும் குறையும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கிற தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. மேல்மண் ஈரமாக இருந்தாலே பூனைக்குப் பாதி ஆர்வம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கணக்கு மாறும். தெரு முழுக்க நனைந்திருக்கும்போது, சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் இருக்கிற உங்கள் இரண்டு தொட்டிகளைத்தான் அது தேடி வரும். அந்த மாதங்களில் அவற்றை முதலில் மூடுங்கள்.

காம்பவுண்டுச் சுவரில் கண்ணாடிச் சில்லு பதிக்கிற பழைய மெட்ராஸ் பழக்கம் வேண்டவே வேண்டாம். அதன் நடுவே கால் வைத்து நடக்கப் பூனைக்குத் தெரியும், தவறினால் ரத்தம். அதற்குப் பதில், பூனை ஏறும் இடத்தில் மட்டும் சுவர் உச்சியில் ஒரு கம்பியை நீளவாக்கில் கட்டி, அதில் நான்கு அங்குல பிவிசி குழாயைக் கோத்துவிடுங்கள். கால் வைத்தால் குழாய் உருளும், பிடி கிடைக்காது. பிளம்பரிடம் மிச்சம் கிடக்கும் துண்டுகளே போதும். பூனை பெரும்பாலும் ஒரே வழியில்தான் வந்து போகும், ஆகவே சுவர் முழுக்க அடிக்கத் தேவையில்லை. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். அசைவைக் கண்டால் தண்ணீர் பீய்ச்சும் கருவிகளும் விற்கிறார்கள், நன்றாக வேலை செய்யும் என்றாலும் நம் ஊர்த் தண்ணீர் நிலைமைக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது, ஆனால் வேண்டாத இடத்தில் பயப்படக்கூடாது. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். கர்ப்பத்தின்போது அது புதிதாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பூனையைத் தொடுவதாலோ அது பக்கத்தில் படுப்பதாலோ பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு பூனை பொதுவாக முதல் முறை தொற்று வந்தபோது, சில வாரங்கள் மட்டுமே அதை மலத்தில் வெளியேற்றுகிறது. அதுவும் வெளியே வந்தவுடனே தொற்றாது, ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும் என்பது இதனால்தான். ஆனால் மண்ணில் புதைந்து கிடந்தால் ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். ஆகவே தங்கை மண்ணில் கை வைக்க வேண்டாம், அள்ளுகிற வேலையும் அவளுக்கு வேண்டாம். வேகவைத்த கீரையைத் தாராளமாகச் சாப்பிடட்டும், சூட்டில் அது செத்துவிடும். யோசிக்க வேண்டியது பச்சையாகப் போகிறவற்றைப் பற்றித்தான்: ரசத்தில் கடைசியாகத் தூவும் கொத்தமல்லி, புதினாச் சட்னி, பச்சை வெங்காயத் தாள். அந்தப் பாத்தியிலிருந்து இவற்றைப் பிரசவம் வரை எடுக்காதீர்கள். கொத்தமல்லியைத் தரையிலிருந்து எடுத்து, புது மண் போட்ட தொட்டியில், பூனை ஏறாத ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு வளருங்கள். டாக்டரிடம் அடுத்த செக்கப்பில் வீட்டுச் சூழ்நிலையைச் சொல்லிவையுங்கள், பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். பூனையை விரட்டும்போது கீறியோ கடித்தோ விட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனையிடமிருந்தும் வரும், தடுப்பூசி அங்கே இலவசம்.

மாமியாரின் சாக்குத் திட்டத்துக்கு என் பதில்: வேண்டாம். தண்டையார்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் நடை தூரம்தான். நல்ல பூனையாக இருந்தால் திரும்பி வந்துவிடும். திரும்பாவிட்டால் துறைமுகத்துப் பூனைகளும் நாய்களும் அதை வாழ விடாது. அங்கே மீன் இருக்கிறதே என்று நினைப்போம், ஆனால் அந்த மீனுக்கு ஏற்கெனவே சொந்தக்காரப் பூனைகள் இருக்கின்றன. பட்டினியும் தாகமும் வரும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதில் முதல் முறை அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை என்று சிரிப்பவர்கள், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் பார்த்துவிடுவது நல்லது: பிராணியைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை. அதோடு, மூன்று பூனை போனால் அந்த இடத்துக்கு அடுத்த தெருவிலிருந்து வேறு மூன்று வரும். அவை யார் வீட்டுப் பூனை என்று கேட்டுப் போகவும் முடியாது. எலிக்குஞ்சுகளை அடக்கி வைத்திருப்பது இந்த மூன்றும்தான் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பெருச்சாளியைப் பார்த்தால் நம் ஊர்ப் பூனை மரியாதையாக வழிவிட்டு நிற்கும், அது தனிக் கதை.

இனி அந்த அக்கா. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்வி இங்கேதான் நிஜமாகவே வருகிறது. "உங்க பூனை" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எங்க பூனை ஒண்ணும் இல்ல, வாயில்லா ஜீவன், பாவமேன்னு சோறு வைக்கிறோம்" என்ற பதில் தயாராக இருக்கும். அது பொய்யும் இல்லை. நம் பக்கத்தில் பூனை தெருவுக்குச் சொந்தம். என் தெருவில் ஒரு பூனைக்கு ஒரு வீட்டில் நெத்திலி என்று பெயர், எதிர் வீட்டில் மணி, மாடி வீட்டு ஆயாவுக்கு அது வெறும் "ஏய்". மூன்று வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு நான்காவது வீட்டில், அதாவது என் வீட்டில், காரியத்தை முடித்துக்கொண்டு போகும். ஆகவே அது யாருடைய பூனை என்பதைப் பேசாதீர்கள். குடம் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நிற்கும் நேரத்திலும் பேசாதீர்கள், நாலு பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். சாயங்காலம் ஒரு கட்டு கீரையோடு போய், "அக்கா, தங்கச்சி மாசமா இருக்கா, டாக்டர் மண்ணுல ஜாக்கிரதையா இருக்கச் சொல்லியிருக்காங்க, நீங்கதான் ஒரு ஒத்தாசை பண்ணணும்" என்று ஆரம்பியுங்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்காகக் கேட்டு முடியாது என்று சொல்கிற வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர்கள் வீட்டு ஓரமாக, மழை படாத இடத்தில், பழைய பிளாஸ்டிக் டப்பிலோ அகலமான தட்டிலோ நான்கு அங்குலம் மணல். பூனை இப்போது போகும் உங்கள் மண்ணிலிருந்தே ஒரு பிடி எடுத்து அதன்மேல் தூவச் சொல்லுங்கள், வாசனை பார்த்து வந்துவிடும். மூன்று பூனைக்கு ஒரு தட்டு போதாது, குறைந்தது இரண்டு வையுங்கள். தினமும் அள்ளாவிட்டால் மறுபடியும் உங்கள் பாத்திக்கே வரும், பூனைக்கு அழுக்குக் கழிப்பறை பிடிக்காது. அந்த மணலை முதல் முறை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், மலிவாக முடியும் சமாதானம் அது.

இரண்டாவது, கருத்தடை. இதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்வேன். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சில அதற்கும் முன்னால். சினைக்காலம் இரண்டு மாதம் சொச்சம்தான், ஒரே வருடத்தில் இரண்டு மூன்று ஈற்றுப் போடும். இன்று மூன்று பூனை என்று வந்திருக்கிறீர்கள், அடுத்த வருடம் எண்ண முடியாது. கடுவன் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு சுவரிலும் ஸ்கூட்டர் சீட்டிலும் மூத்திரம் அடிக்கிறதே, ராத்திரி குழந்தை அழுகிற மாதிரி கத்திச் சண்டை போடுகிறதே, அதுவும் அறுவைக்குப் பிறகு பெரும்பாலானவற்றிடம் அடங்கிவிடும். "ஒரு ஈற்று போட்ட பிறகுதான் பண்ணணும்" என்று அக்கா சொல்வார், எல்லோரும் சொல்வார்கள், அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கிண்டியில் வேளச்சேரி மெயின் ரோட்டில் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு இருக்கிறது, தனியார் கிளினிக்குகளும் உண்டு. கட்டணத்தையும் நாளையும் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள், பலர் இதில்தான் கோட்டை விட்டுத் திரும்பி வருகிறார்கள். பூனைப் பெட்டி இல்லாவிட்டால் இரண்டு பழக்கூடைகளைக் கவிழ்த்துச் சேர்த்து நான்கு பக்கமும் கட்டினால் போதும், ஆட்டோக்காரர் முறைப்பார், மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள். செலவில் பாதியும் தூக்கிப் போகும் வேலையும் என்னுடையது என்று நீங்கள் சொன்னால் அக்கா ஒத்துக்கொள்வார். வெறிநாய்த் தடுப்பூசியையும் அதே நடையில் போட்டுவிடலாம்.

இதையெல்லாம் செய்த பிறகு மூன்று வாரம் பொறுங்கள், பழக்கம் ஒரே நாளில் மாறாது. நடுவில் ஒன்றிரண்டு முறை வரத்தான் செய்யும், அள்ளிவிட்டு மேலே கல்லை வையுங்கள். மூன்று வாரம் கழித்தும் வாடை போகவில்லை என்றால் பாத்தியை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றித் தேடுங்கள். என் வீட்டில் இரண்டு மாதம் அக்கம்பக்கத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டு, கடைசியில் மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தால், நானே வாய் பிரித்து வைத்து மறந்துபோன இருபது கிலோ கோகோபீட் மூட்டை இருந்தது. நெத்திலி அதை முக்கால்வாசி உபயோகித்திருந்தது.